எட்டுக் கிழமை கூட இருந்தவர்களுக்கு

புதுக்குடியிருப்பில் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் மனச்சோர்வுக்கான கவனப் பயிற்சிக்காக எட்டுச் சனிக்கிழமை பாய் விரித்து வட்டமாக இருந்த பதினொரு பேரில் நானும் ஒருத்தி. கடைசி நாளே சொல்லியிருக்க வேண்டிய நன்றி இது. அன்றைக்கு அழுகை வந்து வாயடைத்துப் போனது, அதனால் இப்போது எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

முதலில் எங்களை நடத்திய தங்கச்சிக்கு. உளவளத்துணை என்றாலே எனக்கு வெறுத்துப் போயிருந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது, யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று முகாமில் தொடங்கி எத்தனை பேர் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள், எழுதியவர்கள் போய்விடுவார்கள், இரவு முழுக்கக் கிடந்து புரள்வது நான்தான். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. "கண்ணை மூடத் தேவையில்லை அக்கா, மூடினால் அதெல்லாம் வரும் என்றால் திறந்தபடியே இருங்கோ, வாசல் வேம்பைப் பாருங்கோ, பாதம் நிலத்தில் படுகிறதைக் கவனியுங்கோ" என்றீர்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் இரண்டாம் கிழமையும் வந்தேன்.

மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு அது மறுபடி வராமல் இருக்க சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூவர் வகுத்த முறை இது என்று சொன்னீர்கள். அவர்கள் முந்திரிகை வற்றலை வைத்துச் செய்விக்கிற பயிற்சிக்கு எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு புழுக்கொடியல், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, தந்தீர்கள். உள்ளங்கையில் வைத்து நார் ஓடுகிற பக்கத்தைப் பார்த்து, மணந்து, கடிக்காமல் நாக்கில் வைத்திருந்தபோது அம்மா கிழங்கு அவிக்கிற அடுப்படி வந்தது. செல்லடிக்கு முந்திய காலம் ஒன்று எனக்கும் இருந்தது என்பதே அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

மூச்சோடு சிலர் நமசிவாய சொன்னார்கள், ஒரு அக்கா செபமாலை உருட்டினார், நீங்கள் தடுக்கவில்லை. மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் இப்படி எங்கள் வழக்கங்களையே சிகிச்சையில் சேர்த்தவர் என்றும் சொன்னீர்கள்.

'கையை விட்டிருக்கக் கூடாது' என்ற எண்ணம் இன்னும் வருகிறது. முன்பு அது வந்தால் அன்றைய நாள் முடிந்தது. இப்போது, சரி, அந்த எண்ணம் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அரிசியைக் களைகிறேன்.

குளிசையை நீங்களாக நிற்பாட்ட வேண்டாம், இதையும் சேர்த்துச் செய்யுங்கோ என்று சொன்ன கிளினிக் டொக்டருக்கும், கைவேலியில் இருந்து எங்கள் நாலு பேரையும் ஏற்றிவந்து பெற்றோல் காசு கூட வாங்காத ஓட்டோ அண்ணாவுக்கும், பிள்ளைகளைப் பராக்குக் காட்டித் தேத்தண்ணியும் ஊற்றித் தந்த மாமிக்கும் நன்றி. கூட இருந்த பத்துப் பேருக்கும்தான். ஒருத்தர் பெருமூச்சு விட்டால் யாரும் ஏன் என்று கேட்கவில்லையே, அது எவ்வளவு பெரிய உதவி.

இந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனேன், சனத்துக்குள் நின்றேன். பல வருடங்களுக்குப் பிறகு.

மண்டபத் திறப்பை என்னிடமே தந்த மாதர் சங்கத்தாருக்கும் நன்றி. எட்டுக் கிழமை முடிந்தாலும் சனிக்கிழமை மூன்று மணிக்குத் திறந்து கூட்டி, பாய் விரித்து வைக்கிறேன். இந்தமுறை புதிதாக இரண்டு பேர் வருகினம், கதவுப் பக்கமாக இருக்க இடம் விட்டிருக்கிறேன்.