மூன்றாம் முறை கேட்டாலும் அதே விலைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய நாணயம் வாங்கப் போகிறவர்களுக்கு யோசனை சொல்லும் கட்டுரை உங்கள் இதழில் வந்திருந்தது. சொன்ன விலையில் பாதிக்குக் கேளுங்கள், கண்காட்சி முடியும் நேரத்தில் போனால் படியும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார்கள். கண்காட்சிகளில் மேசை போட்டு நாணயம் விற்கிறவன் நான். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

பேரம் பேசுவதில் எனக்கு வருத்தமே இல்லை. குறைக்க இடம் வைத்துத்தான் நாங்களும் விலை எழுதுகிறோம். ஒருவர் கேட்பார், நான் குறைப்பேன், பிடித்தால் வாங்குவார், இல்லையென்றால் அடுத்த மேசைக்குப் போவார். குறைத்த பிறகும் நகராமல் நிற்பவர்களால்தான் தொல்லை. காலையில் வந்து "முதல் போணி, பார்த்துப் போடுங்கண்ணே" என்பார்கள். மதியம் வந்து, கடைசி மேசையில் இதே காசு இருநூறு ரூபாய் குறைவு என்பார்கள் (அங்கேயே வாங்கியிருக்கலாமே!). சாயங்காலம் ஆல்பத்தை மூடும்போது மறுபடி வந்து, "திரும்பத் தூக்கிட்டுத்தானே போகப் போறீங்க" என்பார்கள். நாணயம் என்ன கத்திரிக்காயா, மறுநாள் வாடிப்போக?

எல்லாவற்றையும்விட அலுப்புத் தட்டுவது வெள்ளிக் கணக்கு. விக்டோரியா காலத்து ஒரு ரூபாயை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, வெள்ளி விலைக்கு மேல் எதற்குத் தர வேண்டும் என்பார்கள். அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அந்தக் கணக்கில் வருவது உருக்குகிறவருக்கான விலை. தேய்ந்து முகமே தெரியாத காசுக்கு அது பொருந்தும், சரி. சேகரிப்பவர் பார்ப்பது வருஷத்தையும் காசின் நிலையையும். 1911ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி போல் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்ததால் அதைத் திரும்பப் பெற்றுப் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். யானையைத் திருத்தி அடித்த 1912ஆம் வருஷத்து ரூபாய் தாராளமாகக் கிடைக்கிறது. எடை ஒன்று, வெள்ளி ஒன்று, விலை மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? 1912இன் விலைக்கு 1911ஐக் கேட்டு விடாமல் நின்றவர் உண்டு. 1947ஆம் வருஷத்துப் புலி போட்ட ரூபாயை வெள்ளி விலைக்குக் கேட்டவரும் உண்டு. அவருக்கு உடனே கொடுத்திருந்தால் எனக்குத்தான் லாபம், ஏனென்றால் அது நிக்கல் காசு, பொட்டு வெள்ளி கிடையாது.

இன்னொரு வகை, லாட் பேரம். பத்துக் காசைப் பொறுக்கி ஒன்றாக வைத்து மொத்தமாக விலை கேட்பார்கள். மொத்தம் என்பதால் நாமும் நன்றாகக் குறைத்துச் சொல்வோம். அப்புறம் ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு, நல்ல காசு இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதே சலுகையைக் கேட்பார்கள். புதிதாக மேசை போடும் பிள்ளைகள் இதில்தான் ஏமாறுகிறார்கள். மொத்த விலை மொத்தத்துக்கு மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வாங்க வருபவர்களின் சந்தேகத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 786 எண் நோட்டு, வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசு இவற்றுக்கெல்லாம் லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்று இணையத்தில் பரப்புகிறார்கள். பழைய நோட்டு, நாணயங்களை வாங்கவும் விற்கவும் தன் பெயரைச் சொல்லி மோசடி நடக்கிறது என்று 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. ஆயிரம் வருஷப் பழமை என்று சொல்லி, சாதாரணமாகக் கிடைக்கும் ராஜராஜன் செப்புக்காசை யானை விலைக்கு விற்பவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அவர்களிடம் தாராளமாகப் பாதிக்குக் கேளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

ஆனால் விடாப்பிடிக்காரர்களை வளர்த்துவிட்டது விற்கிறவர்கள்தான் என்பது என் எண்ணம். மூன்றாம் முறை கேட்டதும் இறங்குகிறவரிடம் நான்காம் முறையும் கேட்கத்தான் செய்வார்கள். இதில் நஷ்டம் யாருக்கு? காலையில் வந்து, மரியாதையாகக் கேட்டு, சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிப் போனவருக்கு. அதே காசைச் சாயங்காலம் அதைவிடக் குறைத்து இன்னொருவருக்குக் கொடுத்தால், விவரம் தெரிந்த பிறகு காலையில் வந்தவர் என் மேசைப் பக்கம் வருவாரா? அதனால் காசைச் செருகி வைக்கும் ஒவ்வொரு ஹோல்டரிலும் விலையை எழுதி வைக்கிறேன். ஒருமுறை குறைப்பேன், அதோடு சரி. அதற்கு மேல் கேட்டால், "இதுதாங்க நம்ம விலை, யோசிச்சுட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே அவர் கையிலிருக்கும் நாணயத்தைத் திரும்ப வாங்கித் தட்டில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் பேசப் போய்விடுவேன். காசில் இருக்கும் கீறலைப் பற்றி வாதாடுவதில்லை. கீறலையும் பார்த்துத்தான் விலை எழுதியிருக்கிறது. கோபப்படுவதும் வீண். பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான், இந்த வழக்கு முடியாது என்று தெரிந்தால் அவன் போய்விடுவான். பேரம் நீளும்போது தட்டின் மேல் ஒரு கண் இருக்க வேண்டியதும் முக்கியம். ஒருவர் பேச்சுக் கொடுக்க, மற்றவர் கைவரிசை காட்டுவதும் நடக்கிறது.

கண்காட்சி நடத்தும் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். மேசை வாடகை வாங்கும்போதே, விலை எழுதாத நாணயத்தை விற்பனைக்கு வைக்கக் கூடாது என்று விதி போடுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற புகாரும் குறையும், வாங்குகிறவரும் எங்கிருந்து பேரத்தைத் தொடங்குவது என்று தெரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
நாணய விற்பனையாளர் ஒருவர்,
திருச்சி.