ஈய ஏப்ரன் போதாதா என்று கேட்டாயே

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. எனக்கு முட்டிவலி இப்போது கொஞ்சம் தேவலை. வேறு விசேஷம் இல்லை.

செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு விண்வெளிக் கதிர்வீச்சு படாமலிருக்க ஈயக் கவசம் மாட்டி அனுப்பினால் என்ன என்று கேட்டிருந்தாய். காலமெல்லாம் எக்ஸ்ரே அறையில் ஈய ஏப்ரனோடு நின்றவன் வேறென்ன கேட்பாய்! ஆனால் அங்கே வருவது எக்ஸ்ரே இல்லையப்பா. ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாயும் அணுக்கருக்கள். இரும்பின் கருகூட அதில் உண்டு. ஈயத்தில் மோதினால் அதன் அணுக்களையே உடைத்து, நியூட்ரான் முதலானவற்றை உள்ளே சிதறடித்துவிடும். ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீரும் பாலிஎத்திலீனும்தான் அதற்குத் தேவலாம். அதுவும் ஓரளவுக்குத்தான்.

உன் கணக்கிலேயே சொல்கிறேன். உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்க நீ மாட்டியிருந்த டி.எல்.டி. பேட்ஜுக்கு வருஷத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தானே வரம்பு? நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்தது நாளொன்றுக்குச் சுமார் 1.8. பதினோரு நாளில் உன் ஒரு வருஷம் தீர்ந்தது! போகவர 360 நாள் என்றால் ஏறத்தாழ 660. அங்கே தங்குவதைச் சேர்க்காமலே. நாசா ஒருவருக்குப் பணிக்காலம் முழுதும் அனுமதிப்பதே 600தான்.

சூரியன் திடீரென்று துகள்களை வாரி வீசும் சூரியப் புயல் வேறு ரகம். 1972 ஆகஸ்டில் பெரிதாக ஒன்று அடித்தது. அப்பல்லோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது, 17 டிசம்பரில்தான் கிளம்பியது. நடுவில் யாரும் நிலவில் இல்லாதது அதிர்ஷ்டம். இந்தப் புயலை மறித்துவிடலாம். ஆட்களை நிலவுக்கு அனுப்ப நாசா கட்டிய ஓரியன் கலத்தில் அதற்கென்று தனி அறைகூடக் கிடையாது. தரைக்கடியில் சாமான் வைக்கும் பொந்துக்குள் நுழைந்து, மூட்டைகளைச் சுற்றி அடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. எப்படியும் சுமந்து போகும் சாமானே சுவராகிவிடுகிறது.

2022இல் அந்த ஓரியன் ஆளில்லாமல் நிலவைச் சுற்றிவந்த ஆர்ட்டெமிஸ் 1 பயணத்தில் ஆளுக்குப் பதில் ஹெல்கா, ஸோஹர் என்று இரண்டு பொம்மைகளை அனுப்பினார்கள். ஸோஹருக்கு மட்டும் கவச மேலங்கி. அந்தப் பயணத்தில் கலம் 90 டிகிரி திரும்பியதிலேயே, பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டையைக் கடக்கும்போது உள்ளே கதிர்வீச்சு பாதியாகக் குறைந்ததாம்!

ஆனால் நாள்தோறும் துளைக்கும் அந்த அணுக்கருக்களுக்கு மேலங்கி, மூட்டை எதுவும் முழுத் தீர்வில்லை. சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் கலம் கிளம்பாது. என்னைக் கேட்டால், பணத்தைக் கவசத்தில் போடுவதைவிட, சீக்கிரம் போய்வரும் எஞ்சினில் போடலாம். நீங்களும் எக்ஸ்ரே அறையில் ‘நிற்கும் நேரத்தைக் குறை’ என்றுதானே முதலில் படித்தீர்கள்?

மறுப்பிருந்தால் எழுது. தீபாவளிக்கு ஊருக்கு வரப் பார்க்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கண்ணன்