சோற்றுக்கையா, நொட்டாங்கையா: அவசரம் வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். விஜயதசமி அன்று நம் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் அரிசித் தட்டில் ‘அ’ எழுதினார்கள். அதில் ஒரு பையன் தானாகவே இடது கையை நீட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் ஐயா (தாத்தா) சட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டு, “சோத்துக்கையக் குடுடா” என்று வலது விரலைப் பிடித்து எழுத வைத்தார். பையன் எழுதிவிட்டான். ஆனால் அவன் தட்டைப் பார்க்கவே இல்லை, ஐயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஐயாவைக் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு சிறுமியின் இடது கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணித்திருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அந்த ஆண்டு முழுக்க. அவள் எழுத்து திருந்தவில்லை. எழுதுகிற பீரியட் வந்தாலே வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்ததுதான் மிச்சம்.

எந்தக் கை என்பதை நாம் முடிவு செய்வதில்லை. 2 வயதுக்கு மேல் பிள்ளை ஒரு கையை அதிகம் நீட்டத் தொடங்கும். 3, 4 வயதில் காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை என்று மாறுவதும் உண்டு. பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் ஒன்று நிலைத்துவிடும். பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரர் என்பது பொதுவான கணக்கு. 30 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இரண்டு மூன்று பேர் அப்படி இருந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீளமாக ஒரு கோடு போடும்போது சில பிள்ளைகள் பாதிவரை இடது கையால் இழுத்து, தன் உடம்புக்கு நேராக வந்ததும் பென்சிலை வலது கைக்கு மாற்றி மீதியை முடிப்பார்கள். உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போக அந்தக் கை இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். இடது பக்கம் இருப்பதை இடது கை, வலது பக்கம் இருப்பதை வலது கை என்று வேலையைப் பிரித்துக்கொண்டே போனால், எந்தக் கைக்கும் போதிய பழக்கம் சேராது. ஒரு கை வேலை செய்ய, மற்றது பிடித்துக்கொடுக்க வேண்டும். நாங்கள் பள்ளியில் வேலைக்கை, துணைக்கை என்றே சொல்லிப் பழக்குகிறோம்.

இதற்குத் தனிப் பயிற்சிப் புத்தகம் எதுவும் வாங்கவேண்டாம். தீபாவளி வருகிறது, பலகாரம் சுடத்தானே போகிறீர்கள்? அடுப்புப் பக்கம் விடாமல், சீடை உருட்டக் கொடுங்கள். சீப்புச் சீடைக்கு மாவை விரலில் சுற்றி ஓரத்தை ஒட்டச் சொல்லுங்கள். கோணல்மாணலாக வரும், வரட்டும். முருங்கைக்கீரை உருவுவது இன்னும் நல்லது: ஒரு கை காம்பைப் பிடிக்கும், மறு கை இலையை உருவும். மொச்சை உரிப்பதும் அப்படித்தான். வீட்டில் யாராவது கொட்டான் (ஓலைக் கூடை) பின்னினால் பக்கத்தில் உட்கார வைத்து, ஓலையைப் பிடித்துக்கொள்ளவாவது விடுங்கள்.

எனக்குப் பிடித்தது பல்லாங்குழி. 14 குழியையும் சுற்றி ஒவ்வொரு காயாகப் போட்டு வரும்போது, கை தானாக உடம்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும். பிள்ளையைப் பலகையின் நடுவுக்கு நேராக உட்கார வையுங்கள். ஒரு கை பலகையைப் பிடித்துக்கொள்ளட்டும். அப்போது பாதியில் கை மாற்றத் தோன்றாது. காயை வாயில் போடும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் எடுத்து ஒளித்து வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலை (கூடம்) இருந்தால் விரலைத் தண்ணீரில் நனைத்து, படுத்த 8 ஒன்றைப் பெரிதாகப் போடச் சொல்லலாம். காய்வதற்குள் மறுபடி அதன்மேலேயே போடவேண்டும், அதுதான் விளையாட்டு. செல்போனில் ஒற்றை விரலைத் தேய்க்கும்போது துணைக்கைக்கு வேலையே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எதைக் கொடுத்தாலும் நடுவில் வையுங்கள். பென்சிலை வலது பக்கம் வைத்துவிட்டு, “பாருங்க டீச்சர், வலது கையாலதான் எடுக்குறான்” என்று சொல்லக்கூடாது.

சாப்பாடு? அதைத்தான் அப்பத்தாமார் எல்லாரும் கேட்கிறார்கள். சோறு வலது கையால், கோயில் விபூதி வலது கையால் என்பது நம் வீட்டு வழக்கம். இடது கையால் எழுதி வலது கையால் சாப்பிடுகிறவர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். பொறுமையாகச் சொல்லிப் பழக்குவதில் எனக்கு மறுப்பில்லை. அடி, கேலி, கையைக் கட்டிப்போடுவது இவை கூடவே கூடாது. எழுதுவது, வெட்டுவது, எறிவது எல்லாம் பிள்ளையின் இஷ்டம்.

இடது கை என்று தெளிவாகிவிட்ட பிள்ளைகளை வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கிறோம், பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது. தமிழ் இடமிருந்து வலமாகப் போவதால் எழுதியதை அவர்கள் கையே மறைத்துவிடும். நோட்டின் மேல்பக்கத்தை வலது புறம் சற்றுச் சாய்த்து வைத்து, பென்சிலை நுனியிலிருந்து கொஞ்சம் மேலே பிடித்தால் இது பெருமளவு சரியாகும். இடது கைக் கத்தரிக்கோல் என்றே தனியாக விற்கிறது, பள்ளிக்கு வாங்கியிருக்கிறோம்.

டாக்டரிடம் காட்டவேண்டிய நேரமும் உண்டு. ஒரு வயதுகூட ஆகாத குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தி, மற்ற கையை மடக்கியே வைத்திருந்தால் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கவேண்டாம், உடனே குழந்தைகள் டாக்டரைப் பாருங்கள். 6 வயது தாண்டியும் எந்தக் கையும் நிலைக்காமல் எழுதவே சிரமப்பட்டால் எங்களிடம் சொல்லுங்கள், யாரிடம் போகலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

இந்த வாரம் மட்டும் பல் தேய்ப்பது, பந்து எறிவது, மூடி திறப்பது, கிறுக்குவது ஆகியவற்றை எந்தக் கையால் செய்கிறார்கள் என்று டைரியில் குறித்து அனுப்புங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் பாருங்கள். தெரிந்தால் வேண்டுமென்றே மாற்றிச் செய்து காட்டுவார்கள்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு ஐயா, அப்பத்தாமாரையும் அழைத்து வாருங்கள். வீட்டில் பல்லாங்குழிப் பலகை சும்மா கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பள்ளியில் இருப்பது இரண்டுதான், காய்களில் பாதியைக் காணோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை