குடோன் கணக்குப்பிள்ளைக்கு

அன்புள்ள கயலுக்கு,

போன ஞாயிறு போனில், "கடைசியில் குடோன் கணக்குப்பிள்ளை வேலைதான்ப்பா கிடைச்சுது" என்று சொல்லிச் சிரித்தாய். அமெரிக்க ராணுவத்தின் பகுதிநேரப் படையான ரிசர்வில் லெப்டினன்ட் ஆகியும் இப்படியா என்ற ஏமாற்றம் அந்தச் சிரிப்புக்குள் இருந்தது. பக்கத்தில் அம்மா இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது என்பதும் உனக்குத் தெரியும்.

நீ கணக்குப்பிள்ளை என்றால் நான் யார்? இருபத்தாறு வருஷம் துறைமுக யார்டில், எந்தப் பெட்டியை எந்த அடுக்கில் வைப்பது என்று திட்டம் போட்டே உன்னையும் உன் தம்பியையும் படிக்க வைத்தேன். அந்த யார்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: கன்டெய்னர் கடலில் விழுந்து தொலைவது அபூர்வம். கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றபடியேதான் தொலையும். உள்ளே இருப்பது என்ன என்று யாருக்கும் தெரியாவிட்டால் அது தொலைந்த பெட்டிதான்.

1991 வளைகுடாப் போரில் உங்கள் ராணுவம் இதை அனுபவித்தது. சவுதி அரேபியாவில் 40,000-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் போய் இறங்கின. பாதிக்கு மேற்பட்டவற்றை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே திறக்க வேண்டியிருந்தது. மருந்தா, டயரா, கூடாரமா, வெளியே நின்று பார்த்தால் தெரியாது. கேட்ட சாமான் வரவில்லையே என்று யூனிட்டுகள் அதையே மறுபடியும் மறுபடியும் கேட்க, அதுவும் வந்து அதே குவியலில் சேர, பாலைவனத்தில் "இரும்பு மலைகள்" எழும்பின. அதற்குப் பிறகுதான் உள்ளே இருப்பதைச் சொல்லும் ரேடியோ டேக்கைப் பெட்டிகளில் ஒட்டும் வேலை ராணுவத்தில் சூடு பிடித்தது. நீ அலுத்துக்கொள்கிற அந்த எக்ஸெல் பட்டியலுக்குப் பின்னால் அந்த மலை நிற்கிறது.

ஒரு போர்ப் பகுதி முழுவதற்கும் வேண்டியதைக் கொண்டுசேர்க்கும் உன் 377-ஆவது தியேட்டர் சஸ்டெயின்மென்ட் கமாண்டைப் பற்றியும் தேடித் தேடிப் படித்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? லூசியானாவின் பெல் சேஸில் தலைமையகம். அதன் கீழே சான் அன்டோனியோவில் ஒன்று, ஒர்லாண்டோவில் ஒன்று, இண்டியானாபொலிஸில் ஒன்று, பிட்ஸ்பர்க் பக்கம் ஒன்று என்று ஊர் ஊராகக் கமாண்டுகள். பெட்ரோல், வெடிமருந்து, சாப்பாடு, தண்ணீர், கப்பலிலிருந்து சரக்கு இறக்குவது, லாரி ஓட்டுவது எல்லாம் இந்த ஆட்கள் பொறுப்பு. செத்தவர்களின் உடலை மரியாதையோடு வீட்டுக்கு அனுப்புவதும் இந்தத் துறையின் வேலைதான். 2001 செப்டம்பரில் பென்டகன் இடிபாடுகளில் அந்த வேலைக்குப் போனவர்களில் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ஒரு ரிசர்வ் கம்பெனியும் உண்டு. மாசத்தில் ஒரு வார இறுதி, வருஷத்தில் இரண்டு வாரம் மட்டும் சீருடை போடுகிறவர்கள்.

இவ்வளவு பெரிய வேலையை ஏன் ரிசர்வ் கையில் கொடுத்தார்கள் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. வியட்நாம்தான் காரணம். ஜனாதிபதி ஜான்சன் அந்தப் போருக்கு ரிசர்வைப் பெரிய அளவில் அழைக்கவே இல்லை; கட்டாய ஆள்சேர்ப்பை வைத்தே சமாளித்தார். 1973-இல் அந்த ஆள்சேர்ப்பும் நின்றது. நிரந்தரப் படை சுருங்கியபோது, டாங்கும் துப்பாக்கியும் அவர்களிடம் இருக்கட்டும், பின்னால் வருகிற சரக்கையும் சக்கரத்தையும் பெரும்பாலும் ரிசர்வ் பார்த்துக்கொள்ளட்டும் என்று பிரித்தார்கள். இனிமேல் எந்த ஜனாதிபதியும் ஊர்க்காரர்களை அழைக்காமல் பெரிய போருக்குப் போக முடியாதபடி அப்போதைய ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் ஏப்ரம்ஸ் வேண்டுமென்றே போட்ட முடிச்சு இது என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படியெல்லாம் இல்லை, காசு மிச்சம் பிடித்ததுதான் என்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. நானும் கம்பெனியில் வேலை பார்த்தவன்தானே.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது 1990-தான். வளைகுடாப் பகுதியில் போர் வந்தால் பின்களத்தை நடத்த வேண்டியது 377 என்று முன்கூட்டியே திட்டம் எழுதி வைத்திருந்தார்கள். போரும் வந்தது. அழைப்பு வரவில்லை! ஆகஸ்ட் முதல் பாதியிலேயே மேஜர் ஜெனரல் பகோனிஸ் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு சவுதியில் இறங்கிவிட்டார். ரிசர்வை அழைக்கும் உத்தரவில் ஜனாதிபதி புஷ் கையெழுத்துப் போட்டதே ஆகஸ்ட் 22-இல்தான். அதற்குள் பகோனிஸ் கையில் கிடைத்தவர்களை வைத்து ஒரு கமாண்டையே கட்ட ஆரம்பித்திருந்தார். பிறகு அது 22-ஆவது சப்போர்ட் கமாண்ட் ஆயிற்று. பந்தி பரிமாற வருஷக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர்கள் வீட்டில் இருக்க, அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டே பந்தி முடிந்த கதை.

சும்மா சொல்லக்கூடாது, பகோனிஸ் கெட்டிக்காரர். எவ்வளவு கீழே இருக்கிற சிப்பாயும் ஒரு சின்ன அட்டையில் பிரச்சினையை எழுதி மேலே அனுப்பலாம், சீக்கிரமே பதில் வரும் என்று ஏற்பாடு வைத்திருந்தார். கோர் எனப்படும் இரண்டு பெரும்படைப் பிரிவுகளை மேற்கே நகர்த்தி, அவற்றுக்கு வேண்டிய எரிபொருளையும் குண்டையும் பாலைவனத்தில் முன்கூட்டியே குவித்தார். அதன் பிறகுதான் தரைப்போர் நூறு மணி நேரத்தில் முடிந்தது. ராணுவத்திலிருந்து வந்ததும் சியர்ஸ் என்ற பெரிய கடைக் கம்பெனி அவரைத் தன் சரக்குத் துறைக்குத் தலைவராக்கியது. கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு கிராக்கி பார்.

377-க்கு முறை வந்தது பன்னிரண்டு வருஷம் கழித்து, ஈராக் போரில். குவைத்தின் அரிஃப்ஜான் முகாமில் உட்கார்ந்து பின்களத்தை நடத்தியது அதுதான். நடுவில் இருந்த அந்தப் பன்னிரண்டு வருஷமும் யாரோ மாசா மாசம் போய்ப் பட்டியலைத் திருத்தி வைத்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? அவர்களில் பலர் அரிஃப்ஜானைப் பார்க்காமலேயே ஓய்வு பெற்றிருப்பார்கள். படிக்கும்போது எனக்கு அவர்கள் நினைப்புத்தான்.

இனி அம்மா இல்லாதபோது சொல்ல வேண்டியது. "நாங்க பின்னாடிதான் இருப்போம், எங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். நானும் தலையாட்டினேன். அது பொய், கயல். உனக்கும் ஃபோர்ட் லீ பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள்.

பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பர்கில் 14-ஆவது குவார்ட்டர்மாஸ்டர் (சரக்கு வழங்கும்) டிடாச்மென்ட் என்று ஒரு ரிசர்வ் யூனிட். தண்ணீர் சுத்திகரிப்பது வேலை, மொத்தம் 69 பேர். சவுதியில் வந்து இறங்கி ஆறே நாள். 1991 பிப்ரவரி 25 இரவு, தஹ்ரானில் அவர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. செத்த 28 பேரில் 13 பேர் அந்த ஒரு யூனிட். அவர்களில் இரண்டு பேர் பெண்கள். அதே யூனிட்டில் காயம்பட்டவர்கள் இன்னும் 43 பேர். ஸ்கட்டைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் எதிர்ப்பு ஏவுகணையின் கம்ப்யூட்டர் நூறு மணி நேரமாக நிறுத்தாமல் ஓடியதில், அதன் கடிகாரம் நொடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகியிருந்தது. திருத்திய மென்பொருள் தயாராகி வழியில் இருந்தது. தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

அந்த "மறுநாள்" என்ற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

இன்னொன்றும் படித்தேன். 2004 அக்டோபரில் ஈராக்கில், தென் கரோலினாவின் ரிசர்வ் குவார்ட்டர்மாஸ்டர் கம்பெனி ஒன்றில் ஏறத்தாழ 18 பேர் எரிபொருள் கான்வாயை எடுக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். லாரிகளுக்குக் கவசம் இல்லை, ஏற்றியிருப்பது கலப்படமான எரிபொருள் என்பது அவர்கள் வாதம். ராணுவ நீதிமன்றம் வரை போகவில்லை. சின்னத் தண்டனைகளோடு முடிந்தது. ராணுவத்தில் உத்தரவு உத்தரவுதான் என்று முதலில் நினைத்தேன். பிறகு, அந்த லாரியில் நீ உட்கார்ந்திருந்தால் என்று யோசித்தேன். எந்தப் பக்கம் நிற்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நீ ஆபீசர். "வண்டி சரியில்லை, மேடம்" என்று ஓட்டுகிறவன் வந்து சொன்னால், உத்தரவைப் படிக்கும் முன்னால் கீழே குனிந்து டயரைப் பார். இது அப்பாவாகச் சொல்வதில்லை, யார்டுக்காரனாகச் சொல்வது.

அம்மாவிடம் இதையெல்லாம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் "ஒண்ணும் ஆகாது" என்பதையும் இனிமேல் சொல்லாதே. "ஜாக்கிரதையா இருப்பேன்" போதும், அதை அவள் ஏற்றுக்கொள்வாள்.

இந்த வருஷம் உன் இரண்டு வாரப் பயிற்சி எந்தத் தேதியில் என்று எழுது. ஆபீசில் விடுப்புக்கு முகம் சுளிக்கிறார்கள் என்றாயே, கவலைப்படாதே. ரிசர்வ் பணிக்குப் போகிறவரின் வேலையைப் பறிக்கக்கூடாது என்று 1994-லேயே சட்டம் இருக்கிறது. உத்தரவு வந்ததும் எழுத்தில் கொடுத்துவிடு, வாயால் சொல்லிவிட்டு வராதே.

உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பருப்புப் பொடி, நார்த்தங்காய், இரண்டு கம்பளிச் சாக்ஸ், தம்பி கொடுத்த ஏதோ சார்ஜர். பெட்டியின் நான்கு பக்கமும் உள்ளே இருப்பதை எழுதி ஒட்டியிருக்கிறேன். வீட்டுப் பார்சலுக்கு எதற்கு இத்தனை லேபிள் என்று அம்மா கேட்டாள். ஊறுகாய் பாட்டில் அடியில் இருக்கிறது, கவிழ்த்துத் திறக்காதே.

அன்புடன்,
அப்பா