வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சிஸ்டர்,

அடுத்த வாரம் உங்கள் வார்டுக்குப் புது ஸ்டாஃப் வருகிறார்களாமே. "இப்ப படிச்சுட்டு வர்றவங்களுக்கு ஒண்ணுமே தெரியல" என்று நீங்கள் அலுத்துக்கொண்டதாகவும் கேள்விப்பட்டேன். தெரியாதது இருக்கத்தான் செய்யும். அதைக் கேட்கப் பயந்து, தானாக ஊகித்து ஒன்றைச் செய்வாரே, எனக்குப் பயம் அங்கேதான்.

இந்தத் தடுமாற்றம் இன்றைக்கு வந்ததும் இல்லை. படித்ததற்கும் வார்டில் பார்ப்பதற்கும் உள்ள இடைவெளியில் புது நர்ஸ்கள் திணறுவதை அமெரிக்காவில் மார்லின் கிராமர் 1974-லேயே விரிவாக எழுதிவிட்டார்.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ள குப்பியும் புழங்கும் இடத்தில் சிரிஞ்சும் இரண்டு வகை. 100 யூனிட் குப்பியிலிருந்து, 40 யூனிட் குப்பிக்கான சிரிஞ்சில் பத்தாம் கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட். கோடு சரியாகத்தான் இருக்கும், நோயாளிக்குத்தான் சர்க்கரை சடாரென்று இறங்கும். அதற்காகத்தான் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஆனால் நடப்பது என்ன? "சிஸ்டர், பத்து யூனிட்தானே, பாருங்க" என்று சிரிஞ்சை நீட்டுவார். நாம் வேறு வேலையில் இருந்தபடியே "ம், சரி" என்போம். விடையைச் சொல்லிவிட்டுக் கேட்டால் அது சரிபார்ப்பே இல்லை. இரண்டாமவர் கேஸ் ஷீட்டைத் தானே படித்து, குப்பியைத் திருப்பிப் பார்த்து, சிரிஞ்சைப் பார்த்து, எண்ணைத் தன் வாயால் சொல்ல வேண்டும். முதல் நாளே இதை நீங்கள் செய்து காட்டுங்கள். அப்புறம், '10U' என்று எழுதும் பழக்கத்தை யாரிடம் பார்த்தாலும் நிறுத்துங்கள். அவசரத்தில் அது 100 ஆகத் தெரியும். 'யூனிட்' என்று முழுதாக எழுத எத்தனை நொடி ஆகப்போகிறது?

ராத்திரியில் டியூட்டி டாக்டருக்குப் போன் செய்வது இன்னொரு கண்டம். திட்டு விழுமோ என்று தள்ளிப்போடுவார்கள். இப்போது என்ன ஆகிறது, நோயாளியின் பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, உங்களிடம் என்ன வேண்டும் என்ற நாலு வரியைக் குறித்துவைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். எஸ்பார் என்று நாம் சொல்லும் இந்த முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. போனில் டோஸ் சொன்னால் எழுதி, திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். 'ஃபிஃப்டீன்' என்று காதில் விழுந்தால் "ஒன் ஃபைவ்தானே டாக்டர்?" என்று கேட்க வேண்டும். பி.பி., பல்ஸ் எல்லாம் சரியாக இருந்தும் "ஆள் ஏதோ சரியில்லை" என்று புது ஸ்டாஃப் வந்து நின்றால், தயவுசெய்து எழுந்து போய்ப் பாருங்கள்.

அவர்களுடைய பாதுகாப்பும் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ், முடிய ஆறு மாதம் ஆகும். சேர்ந்த அன்றே எத்தனை போட்டாயிற்று என்று கேளுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது. மீறிக் குத்திவிட்டால் சோப்பு, தண்ணீரில் கழுவிவிட்டு உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது. "கவனமா இருக்கக் கூடாதா?" என்று நீங்கள் ஒருவரிடம் கத்தினால், அடுத்தவர் மறைத்துவிடுவார்.

டியூட்டி லிஸ்ட் போடும்போது இரண்டு புது ஸ்டாஃபை ஒரே நைட்டில் சேர்த்துவிடாதீர்கள். ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும், ஆனாலும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் யாரிடம் கேட்க வேண்டும் என்று பெயர் சொல்லி விடுங்கள். "யாரையாவது கேட்டுக்கோ" என்றால் ஒருவரையும் கேட்கமாட்டார். லிஸ்டில் இடிக்கிறது என்றால் போன் பண்ணுங்கள், உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் பழைய சீனியர்