ஒயரை மட்டும் வெட்டாதே, மாப்ளே

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. அவங்களை அடுப்படிப் பக்கம் போகவிடாதே. இங்கே சின்னவள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் சேர்ந்துவிட்டாள். வீட்டு மல்டிமீட்டர் இப்போது அவள் பையில்தான் இருக்கிறது.

காரோடு வந்த கம்பெனி ரேடியோ செட்டை நாமே கழற்றலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கழற்றலாம். எங்கள் ஸ்விஃப்டில் டிஸ்பிளே செத்து, சிடியும் உள்ளேயே சிக்கிக்கொண்டது. முதலில் கடைக்குத்தான் போனேன். அங்கிருந்த பையன் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்து, "கப்ளரை வெட்டிட்டு ஒயரை முறுக்கி டேப் சுத்திடலாம் சார்" என்றான். வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்து, போன மாதம் நானும் சின்னவளுமாகக் கழற்றினோம்.

இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் என்று உனக்குத் தெரியும். கப்ளர் என்பது செட்டின் பின்னால் ஒயர்களை மொத்தமாகச் செருகும் பிளாஸ்டிக் பிளக். அதில் ஒவ்வொரு பின்னுக்கும் ஓர் இடம் உண்டு. அதை வெட்டிவிட்டால் அடுத்து வண்டியைத் தொடுகிறவன் எது கரண்ட், எது ஸ்பீக்கர் என்று தேட வேண்டியதுதான். நம்ம ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். செட்டுக்கு வரும் ஒயர்களில் ஒன்றில் சாவியை எடுத்த பிறகும் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். கடிகாரமும் ஸ்டேஷன் மெமரியும் அதனால்தான் அழியாமல் இருக்கின்றன. அந்த ஒயர் அவிழ்ந்து டேஷ்போர்டுக்குள் இரும்பில் உரசினால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போவதோடு நின்றால் நம்ம அதிர்ஷ்டம்.

உன் வண்டி பழைய ஃபோர்டு. செட்டின் முகப்பில் இரண்டு ஓரத்திலும் மேலும் கீழுமாகச் சின்ன ஓட்டை இருக்கிறதா பார், மொத்தம் நாலு. இருந்தால் உனக்கு வேலை சுலபம். வளைந்த கம்பிச் சாவி ஜோடியாகக் கடையில் கிடைக்கும். பக்கத்துக்கு ஒன்றாகச் செருகி, 'டக்'கென்று உட்கார்ந்ததும் இரண்டையும் லேசாக வெளிப்பக்கம் விரித்தபடி நேராக இழு. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் செட் கோணலாகி இறுகிக்கொள்ளும்.

தொடங்குவதற்கு முன்னால் ரேடியோவின் பூட்டைத் திறக்கும் ரகசிய நம்பர் இருக்கிறதா என்று வண்டிப் புத்தகத்தில் தேடி எடுத்துவை. அந்தக் காலத்து ஃபோர்டு செட்கள் பல, பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் திருட்டுப் பயத்தில் தாமே பூட்டிக்கொள்ளும். நம்பர் போட்டால்தான் பாடும். அதே செட்டைத் திரும்ப மாட்டவோ விற்கவோ நினைத்தால் அது வேண்டும். அதன் பிறகு 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஏர்பேக் உள்ள வண்டி என்றால் சில நிமிஷம் சும்மா விடு. உள்ளே மஞ்சள் உறை போட்டு, மஞ்சள் கப்ளரோடு ஏதாவது தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் லைன். அதைத் தொடவே கூடாது, மல்டிமீட்டர் முனைகூட வைக்காதே.

எங்கள் வண்டியில் சாவி ஓட்டை எல்லாம் கிடையாது. சுற்றியிருக்கும் பேனல் கிளிப்பில் நிற்கிறது, செட்டைத் திருகுகள் பிடித்திருக்கின்றன. பிளாஸ்டிக் நெம்புகோல் கொடுத்து ஓரத்திலிருந்து மெல்ல எழுப்பினோம். இந்த வேலைக்கு வெயில் ஏறிய நேரம்தான் நல்லது. சூட்டில் பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கியர் லீவரைச் சுற்றி ஒரு துண்டை விரித்துவிடு, இல்லாவிட்டால் விழுகிற திருகு டேஷ்போர்டுக்குள் போய்விடும். செட் ஒரு சாண் வெளியே வந்ததும் நிறுத்தி, பின்பக்கத்தை போனில் படம் எடு. கப்ளரின் நாக்கை அமுக்கியபடி கப்ளரைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து அல்ல. தடித்த ஏரியல் பின் நேராக இழுத்தால் வந்துவிடும்.

புது செட்டில் மஞ்சள் எப்போதும் இருக்கும் கரண்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஜோடிகள் நாலு ஸ்பீக்கருக்கு. வண்டிப் பக்கத்து ஒயர்களில் இந்த நிறக் கணக்கு செல்லாது, அதனால்தான் வண்டியின் கப்ளரை வெட்டாமல் புது செட்டோடு இணைக்கிற, வண்டிக்கேற்ற கன்வெர்டர் கப்ளர் வாங்கச் சொல்கிறேன். ஸ்பீக்கர் நெகட்டிவை பாடியில் எர்த் செய்கிற பழைய பழக்கமும் வேண்டாம். இப்போதைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையுமே ஆம்ப்ளிஃபயர்தான் ஓட்டுகிறது. ஒன்றை பாடியில் தொட்டால் ஆம்ப்ளிஃபயரின் ஐசி, அதாவது சில்லு, போய்விடலாம்.

அளவையும் பார்த்துக்கொள். செட்டின் முகப்பு அளவை 'டின்' என்பார்கள். சிங்கிள் டின் என்றால் 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். டபுள் டின் என்றால் உயரம் 100. எங்கள் செட் டேஷ்போர்டு வடிவத்துக்கே செய்தது என்பதால் தனியாக ஃபிரேம் வாங்கித்தான் டபுள் டின் பொருத்தினோம். பழைய செட்டைத் திருகுகளோடு துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும்போது அரை மணியில் திரும்ப மாட்டிவிடலாம்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உனக்குக் கப்ளர் கிடைத்துவிடும். உன் செட்டின் பின்பக்கப் படத்தைக் காட்டி வாங்கு. ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறாய் என்றால் முதல் நாளே எனக்குப் படத்தை அனுப்பு, நானும் சின்னவளும் பார்த்துச் சொல்கிறோம். அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய ரூம்மேட்