அணை கட்டியவர்கள் கட்டிய ஆள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இவ்வளவு நாள் இருந்ததற்கு நீ என்னென்ன திட்டியிருப்பாய் என்று தெரியும். பாதியை ஏற்றுக்கொள்கிறேன். மீதியை நாம் ஹாஸ்டலில் ‘செருப்புக்கடை’ என்று கூப்பிட்டவனுக்கு அனுப்பிவிடு, அவன்தான் நம் எல்லார் பங்கையும் வாங்கிப் பழகியவன்.

இங்கே எல்லாரும் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேரன் நாலு வார்த்தை தமிழ் பேசுகிறான், நாலும் சாப்பாட்டு வார்த்தை. ஹூஸ்டன் வெயில் நம் ஊரைவிட மோசம், ஆனால் ஏசியை விட்டு யாரும் வெளியே வருவதில்லை. முழங்காலைப் பற்றி மட்டும் கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி நம் சிநேகிதன் வக்கீல் போன் பண்ணினான். அவன் மகன் கவுன்சிலர் சீட்டுக்கு முயற்சி பண்ணுகிறானாம். செலவு முழுவதையும் ஒரு காண்டிராக்டர் ஏற்றுக்கொள்கிறாராம். "கைம்மாறு எதுவும் வேண்டாம், படித்த பையன் மேலே வரட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஜீப்பையும் வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். வக்கீலுக்குப் பெருமை தாங்கவில்லை. உன்னிடமும் சொல்லியிருப்பான். நீயும் "சூப்பர்டா" என்றிருப்பாய், உனக்கு வேறு என்ன தெரியும்.

என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பொதுப்பணித் துறையில், நடந்த வேலையை அளந்து எழுதும் எம்.புக்கில் கையெழுத்துப் போட்டே காலம் தள்ளியவன் நான். காண்டிராக்டரின் அன்பு எந்த மாதத்தில் பூக்கும், எந்த மாதத்தில் காய்க்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைவிட, இங்கே வந்ததிலிருந்து ஒரு கதை என்னைப் பிடித்து ஆட்டுகிறது. வீட்டில் யாரும் கேட்கத் தயாராக இல்லை. அதனால் நீ மாட்டினாய்.

மருமகன் இங்குள்ள விண்வெளி மையத்துக்குக் கூட்டிப்போனார். நிலாவுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட்டைப் படுக்கப் போட்டு வைத்திருக்கிறார்கள், பார்த்தால் நீ வாயை மூட மாட்டாய். அந்த மையத்துக்கு ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பெயர். டவுன்டவுனில் ஒரு பெரிய மாநாட்டு மண்டபம் இருக்கிறது, அதற்கு ஜார்ஜ் ஆர். பிரவுன் பெயர். ஜான்சனைத் தெரியும், யார் இந்த பிரவுன் என்று கேட்டேன். "யாரோ பழைய காண்டிராக்டர்" என்றார் மருமகன். காண்டிராக்டர் என்று காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த பழைய ஏ.இ. (உதவி என்ஜினீயர்) எழுந்து உட்கார்ந்துவிட்டான். பக்கத்து நூலகத்தில் இருந்த தடிப் புத்தகங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். என் மகள் என்னை இப்போது டெக்சாஸ்காரர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

1961-ல் இந்த மையத்தை எங்கே கட்டுவது என்று நாசா தேடியது. அப்போது ஜான்சன் துணை ஜனாதிபதி, விண்வெளிக் கவுன்சிலுக்கும் அவர்தான் தலைவர். நாசாவுக்குப் பணம் ஒதுக்கும் துணைக் கமிட்டியின் தலைவர் ஆல்பர்ட் தாமஸ், ஹூஸ்டன் எம்.பி. இங்குள்ள ரைஸ் பல்கலைக்கழகம் 1,000 ஏக்கர் நிலம் தருகிறேன் என்றது. அது ஹம்பிள் எண்ணெய் கம்பெனி கொடுத்த நிலம். பல்கலைக்கழக அறங்காவலர் குழுவுக்குத் தலைவர் யார்? ஜார்ஜ் பிரவுன். தாமஸும் அவரும் அதே ரைஸில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். மையத்தின் வடிவமைப்பு வேலை யாருக்குப் போனது? அதே பிரவுனின் பிரவுன் அண்ட் ரூட் கம்பெனிக்கு. நீயும் நானும் ஒரே அறையில் இருந்து என்ன பிரயோஜனம்? நீ பேங்க் மேனேஜராக இருந்த காலத்தில் ஒரு வீட்டு லோனுக்கு என்னை எத்தனை ஜெராக்ஸ் எடுக்க வைத்தாய்!

சரி, தொடக்கத்துக்குப் போகிறேன். 1937. ஆஸ்டின் பக்கம் கொலராடோ ஆறு ஓடுகிறது. படத்தில் பார்க்கும் பள்ளத்தாக்கு கொலராடோ இல்லை, டெக்சாஸிலேயே பிறந்து டெக்சாஸிலேயே கடலில் சேரும் வேறு ஆறு. அதில் மார்ஷல் ஃபோர்டு என்ற இடத்தில் மத்திய அரசு அணை. ஹெர்மன் பிரவுன், ஜார்ஜ் பிரவுன் என்ற அண்ணன் தம்பி வேலையை எடுக்கிறார்கள். அதுவரை ரோடு போட்டுக்கொண்டிருந்த கம்பெனி. கையிலிருந்ததை எல்லாம் இயந்திரத்தில் போட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம்தான் தெரிகிறது, அணையே சட்டப்படி செல்லாது! மத்திய அரசுக்குச் சொந்தமான நிலத்தில்தான் மத்திய அரசின் அணைத் துறை அணை கட்டலாம். டெக்சாஸ் ஒரு காலத்தில் தனி நாடு, அமெரிக்காவோடு சேர்ந்தபோது தன் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆற்றங்கரை டெக்சாஸுக்குச் சொந்தம். எங்கள் டிபார்ட்மென்டில் இப்படி ஒரு ஆடிட் ஆட்சேபணை வந்திருந்தால் எங்கள் நிர்வாக என்ஜினீயர் அன்றே மெடிக்கல் லீவ் போட்டிருப்பார்.

எல்லாவற்றையும் வாஷிங்டனில் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தவர் அந்தத் தொகுதி எம்.பி. அவர் பிப்ரவரியில் செத்துப்போனார். பிரவுன்களின் நிலைமையை நினைத்துப் பார். இடைத்தேர்தலில் நிற்க 28 வயதில் ஒருவன் வருகிறான், நெட்டையாக, காது விரிந்து, தூக்கமே இல்லாமல். அவன்தான் லிண்டன் ஜான்சன். அவனுக்குப் பின்னால் நின்றவர் ஆல்வின் வர்ட்ஸ் என்ற வக்கீல். அணைகளை நடத்தும் ஆற்று ஆணையத்துக்கும் அவர்தான் வக்கீல், காண்டிராக்டருக்கும் அவர்தான் வக்கீல். நம் வக்கீலிடம் சொல், பொறாமைப்படுவான்.

பையன் ஜெயித்தான். வாஷிங்டனுக்குப் போய் அணைக்கு அனுமதி வாங்கினான். "பையனுக்கு அந்த அணையைக் கொடுங்கள்" என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே சொன்னதாகச் சொல்கிறார்கள். அத்தோடு நிற்கவில்லை, உயரத்தைக் கூட்டினார்கள். ரிவைஸ்டு எஸ்டிமேட், மாப்ளே! மலையைப் பெயர்த்தாலும் உலகம் முழுக்க ஒரே சாஸ்திரம்தான். இப்போது அந்த அணை 278 அடி. மகளை நச்சரித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வேலை சுத்தம், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஆற்று அணைகளிலிருந்து டெக்சாஸ் மலைப்பகுதிக்கு ஜான்சன் கரண்ட் கொண்டுபோனார். அதுவரை அங்கே பெண்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தே கூன் விழுந்தவர்கள். பலர் தங்கள் பிள்ளைகளுக்கு லிண்டன் என்று பெயர் வைத்தார்களாம். ஆகவே திருடன் என்று சொல்லி முடித்துவிட முடியாது, அதுதான் என் கஷ்டம்.

எனக்கு உண்மையிலேயே தூக்கம் போனது 1940-ஐப் படித்தபோதுதான். அந்த வருஷம் பிரவுன் அண்ட் ரூட்டுக்குக் கார்ப்பஸ் கிறிஸ்டியில் கடற்படை விமானதளம் கட்டும் வேலை கிடைக்கிறது. செலவு எவ்வளவானாலும் அரசு கொடுக்கும், மேலே லாபம் தனி. அதே அக்டோபரில் ஜான்சன் ஒரு காரியம் செய்தார். தேர்தல் நன்கொடையாக ஒருவர் 5,000 டாலருக்கு மேல் தரக்கூடாது என்று சட்டம். பிரவுன் ஏற்பாட்டில் ஆறு பேர் ஆளுக்கு 5,000 அனுப்பினார்கள். அந்தப் பணம் ஜான்சனின் தேர்தலுக்கு இல்லை, அவருக்கு எதிர்த்து நிற்கவே ஆள் இல்லை. நாடு முழுக்கத் திணறிக்கொண்டிருந்த தன் கட்சி எம்.பி.க்களுக்கு 500, 1,000 என்று பிரித்துக் கொடுக்க வைத்தார். யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்தவர் அவர். தேர்தல் முடிந்தபோது, மூன்றே வருஷம் பழைய எம்.பி.க்கு நாடு முழுக்கக் கடன்பட்டவர்கள் இருந்தார்கள்.

இதைத்தான் வக்கீலுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. கவர் கொடுத்து ஒரு ஓட்டு வாங்குவது சில்லறை வேலை. பெரிய ஆட்கள் அதைச் செய்வதில்லை. அவர்கள் ஒருவனைப் பணம் போகும் வழியாக ஆக்கிவிடுகிறார்கள். அப்புறம் மற்றவர்கள் எல்லாரும் அவன் வாசலுக்கு வருவார்கள். அவனுக்கும் தன் திறமையால்தான் வருகிறார்கள் என்று தோன்றும், பாதி உண்மையும் கூட. எங்கேயும் எழுத்தில் இருக்காது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அதே சமயத்தில் பணக்கார நண்பர் ஒருவர், எண்ணெய்க் கம்பெனியில் தன் பங்கை ஜான்சனுக்குத் தருகிறேன் என்கிறார். முன்பணம் வேண்டாம், வருகிற லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஜார்ஜ் பிரவுனும் கூட இருக்கிறார். ஜான்சன் எப்போதும் பணத்தைப் பற்றியே புலம்பும் ஆள். ஒரு வாரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார், அரசியலில் என்னை அது கொன்றுவிடும் என்று. டெக்சாஸில் எம்.பி.க்கோ செனட்டருக்கோ எண்ணெய்ப் பங்கு ஒரு குறையே இல்லை. அப்படியானால் இந்த ஆள் ஜனாதிபதி பதவிக்கே குறி வைக்கிறான் என்று பிரவுனுக்கு அப்போதுதான் விளங்கியது. லஞ்சத்தை மறுத்ததே அவருக்குப் பெரிய முதலீடாகப் போயிற்று பார்!

மீதியை வேகமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நீ கண்ணாடியைக் கழற்றிவிடுவாய். 1941-ல் செனட்டுக்கு நின்று 1,311 ஓட்டில் தோற்றார். அந்தத் தேர்தலுக்குக் கம்பெனி பணம் போனஸ் என்றும் வக்கீல் பீஸ் என்றும் கணக்கு எழுதிப் போயிருக்கிறது, வருமான வரிக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். 1944 ஜனவரியில் ஜான்சன் ரூஸ்வெல்ட்டைப் போய்ப் பார்த்தார். 10 லட்சம் டாலரைத் தாண்டிய விவகாரம் 3,72,000 டாலரோடு முடிந்தது, யார்மீதும் வழக்கு இல்லை. 1948-ல் மறுபடி நின்றார். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், ஏறக்குறைய 10 லட்சம் ஓட்டில் 87 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. ஆலிஸ் என்ற ஊரின் 13-ஆம் நம்பர் பெட்டியில், தேர்தல் முடிந்து ஆறு நாள் கழித்து, 202 ஓட்டு புதிதாக முளைத்தது. எல்லாம் ஒரே மை, ஒரே கையெழுத்து, பெயர்கள் அகர வரிசையில். 200 ஜான்சனுக்கு, 2 எதிராளிக்கு. அந்த இரண்டு ஓட்டைப் போட்டவனை நான் கும்பிடுகிறேன். நம் ஹாஸ்டல் தேர்தலில் குண்டனுக்குக் கூட இந்த நாகரிகம் இருந்ததில்லை.

இனிமேல்தான் விஷயம். செனட்டுக்கு ஜெயித்த அடுத்த வருஷமே, வாங்கிய உதவிக்கெல்லாம் பில் வந்துவிட்டது. போர்க்காலத்தில் டெக்சாஸிலிருந்து கிழக்குக் கரைக்கு எண்ணெய் கொண்டுபோக அரசு போட்ட இரண்டு பெரிய குழாய்களை, 1947-ல் பிரவுன்களும் கூட்டாளிகளும் 14 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தார்கள், இயற்கை எரிவாயு அனுப்ப. எரிவாயு விலையை அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் லீலண்ட் ஓல்ட்ஸ், மின்சக்தி ஆணையத்தில் பத்து வருஷமாக இருந்தவர். ஜனாதிபதி ட்ரூமன் அவரை மறுபடி நியமிக்கிறார். அந்த நியமனத்தை விசாரிக்கும் செனட் துணைக் கமிட்டிக்குத் தலைவர் ஜான்சன். ஓல்ட்ஸ் 1920-களில் தொழிலாளர் பத்திரிகைகளுக்கு எழுதிய கட்டுரைகளைத் தோண்டி எடுத்து, அவரைக் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தினார்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இடைவேளையில் ஜான்சன் வந்து தோளில் கை போட்டு, இதில் சொந்தப் பகை எதுவும் இல்லை, அரசியல்தான் என்றாராம். செனட்டில் 53-க்கு 15 ஓட்டில் ஓல்ட்ஸ் வேலை போயிற்று.

ஒரு காலத்தில் மலைப்பகுதிக்குக் கரண்ட் கொண்டுவந்த அதே ஆள், மலிவான மின்சாரத்துக்காகவே வாழ்நாளெல்லாம் வேலை செய்த மனிதரை இப்படிச் செய்தார். அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு நான் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றேன். உனக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் சர்க்கிளில் ஒரு ஏ.இ. மணல் விஷயத்தில் காண்டிராக்டரின் பில்லை நிறுத்தினான். அவனை எங்கே மாற்றினார்கள், அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் இங்கே எழுத வேண்டியதில்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்து அந்த ஆர்டரில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அவர் கெட்டவராக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நீ உடனே சிவில் உரிமைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவாய், எனக்குத் தெரியும். 1964, 1965 இரண்டும் அவர் செய்ததுதான், கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமையை நிஜமாக்கியவர். ஏழை மெக்சிக்கப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்த அந்தப் பழைய ஆள் கடைசியில் வெளியே வந்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வியட்நாமில் துறைமுகமும் விமானதளமும் கட்டிய நாலு கம்பெனிக் கூட்டணியில் பிரவுன் அண்ட் ரூட்டும் இருந்தது. அதற்காகத்தான் சண்டை நடந்தது என்று நான் சொல்லவில்லை, அது மடத்தனம். ஹூஸ்டன் லாமர் ஹோட்டலில் 8எஃப் என்ற அறையில் ஹெர்மன் பிரவுனும் கூட்டாளிகளும் சீட்டாடிக்கொண்டே டெக்சாஸில் யார் வர வேண்டும், யார் போக வேண்டும் என்று பேசி முடிப்பார்களாம். அந்த ஹோட்டலை இடித்துவிட்டார்கள். எந்த இடம் என்று தேடினேன், கார் நிறுத்த வழியில்லை என்று மருமகன் முறைத்ததால் திரும்பிவிட்டேன்.

வக்கீலிடம் நான் போனில் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் "நீ பென்ஷன் வாங்கிக்கொண்டு அமெரிக்காவில் உட்கார்ந்து பேசுவாய்" என்பான், நியாயமும்தான். பணமில்லாமல் ஒரு பையன் இன்றைக்கு வார்டில் கூட நிற்க முடியுமா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. வர்ட்ஸ் மாதிரி ஒரு வக்கீலே அப்பாவாக இருக்கும்போது, பிள்ளை யார் சொல்லைக் கேட்பான் என்பது வேறு. நீ அவனுக்குச் சித்தப்பா மாதிரி, உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. ஜீப்பைத் திருப்பி அனுப்பச் சொல் என்று நான் கேட்கவில்லை. ஓல்ட்ஸ் கதையை மட்டும் ஒரு சாயங்காலம் அவனுக்குச் சொல், ஜான்சன் கதையைச் சொல்லாதே, அதைக் கேட்டால் அவனுக்கு ஆசைதான் வரும்.

அப்புறம் ஒன்று. அந்தக் காண்டிராக்டர் நம் ஊர் பாதாளச் சாக்கடை வேலைக்கு டெண்டர் போட்டிருக்கிறாரா, அந்த வேலை பையன் நிற்கும் வார்டு வழியாகப் போகிறதா, ஜீப்புக்கு டீசல் யார் போடுகிறார்கள், மூன்றையும் விசாரித்து எழுது. வாட்ஸ்அப்பில் கட்டை விரலைக் காட்டித் தப்பிக்கப் பார்க்காதே.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்